அழிய வேண்டியதை அழிக்காத சிக்னல் கிளையன்ட்

சிக்னல் என்ற செய்திச் செயலிக்குக் கணினியில் நான் வைத்திருக்கும் அதிகாரப்பூர்வமற்ற கிளையன்ட்டை, அதாவது வெளியாட்கள் எழுதிய மாற்றுச் செயலியைப் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாட்ஸ்அப்பில் கேட்டார் என்பது வேறு விஷயம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிகாரப்பூர்வ டெஸ்க்டாப் செயலி, பிரவுசரையே உள்ளே வைத்துச் செயலி செய்யும் எலக்ட்ரானில் கட்டியது. திறந்தால் கூடவே ஒரு முழு குரோமியம் பிரவுசரும் எழுந்து வரும். நான் வைத்திருப்பது டெர்மினலில், அதாவது வெறும் எழுத்துத் திரையில் ஓடுவது. என் பழைய லேப்டாப்பில்கூட என்டர் தட்டிய கையோடு உரையாடல் பட்டியல் வந்து நிற்கும். மவுஸைத் தொடவே வேண்டாம். இத்தனை நாள் ஆகியும் இந்தச் சுகம் அலுக்கவில்லை. ஸ்டிக்கர் தெரியாது, அழைப்பு வராது. எனக்கு அது நிம்மதி.

என்க்ரிப்ஷனிலும் குறை சொல்ல மாட்டேன். சிக்னல்காரர்களே வெளியிட்டிருக்கும் லிப்சிக்னல் நூலகத்தைத்தான் இதுவும் பயன்படுத்துகிறது. அதிகாரப்பூர்வ செயலி மட்டும் என்ன பத்தரைமாற்றா? செய்திகளைப் பூட்டி வைக்கும் அதன் தரவுத்தளச் சாவி ஒரு கோப்பில் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது என்று 2018-லேயே சுட்டிக்காட்டினார்கள். சரிசெய்தது 2024-ல்.

ஆனால் இந்த மறையும் செய்தி இருக்கிறதே! ஒரு வாரத்தில் அழியும்படி வைத்த உரையாடல், போனில் பார்த்தால் காலி. அதையே கணினியில் திறந்தால், நண்பர் என்றைக்கோ அனுப்பிய வைஃபை கடவுச்சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. டைமரை மாற்றினார் என்ற அறிவிப்பாவது வருகிறதா? அந்த இடத்தில் வெற்று வரி ஒன்று வருகிறது.

நேரம் முடிந்ததும் அழிப்பது சர்வரின் வேலை இல்லை. எத்தனை நொடியில் அழிக்க வேண்டும் என்ற குறிப்பு செய்திக்குள்ளேயே வரும். வாங்கிய ஒவ்வொரு சாதனமும் தானே எண்ணித் தானே அழிக்க வேண்டும். என் கிளையன்ட் குறிப்பை வாங்கிக்கொள்கிறது, அதோடு சரி. அனுப்பியவருக்கு இது தெரிய வழியே இல்லை. எனக்கு மட்டும் தொல்லை என்றால் பொறுத்துப் போகலாம். இங்கே ஏமாறுவது எதிரில் இருப்பவர்.

2016-ல் லிப்ரேசிக்னல் என்ற இன்னொரு அதிகாரப்பூர்வமற்ற கிளையன்ட் பற்றிய தகராறில், எங்கள் சர்வரைப் பிற கிளையன்ட்கள் பயன்படுத்துவதில் உடன்பாடில்லை என்று சிக்னலை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக் வெளிப்படையாகவே சொன்னார். நிரலை யாரும் எடுத்தாளலாம், திறந்த மூலம் என்று சொல்லிவிட்டு இது என்ன கெடுபிடி என்று பலருக்கும் கோபம், எனக்கும்தான். அந்தக் கடவுச்சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. எரிச்சலாக இருக்கிறது.

சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர்களைத் திட்ட மனம் வரவில்லை. அதற்காக, புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் புது வண்ணத் தீம் வருகிறது, இந்த அழிக்கும் வசதி மட்டும் வராது என்றால் எப்படி?

நான் இதை எடுக்கப்போவதில்லை. அவ்வப்போது தரவுக் கோப்பையே அழித்துவிட்டு, க்யூஆர் ஸ்கேன் செய்து மறுபடி இணைத்துக்கொள்கிறேன். நீங்கள் போட வேண்டாம். அதுவும் என்னோடு பேசுவதற்கென்றால் வேண்டவே வேண்டாம். நான் அனுப்புவது அழிய வேண்டும்.