எரிவாயுவா, மின்னடுப்பா? பயணப் படகின் பேட்டரி, இன்வெர்ட்டர் அலசல்

நெடும்பயணப் படகுக்கு மின்னமைப்பு திட்டமிட உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "காரீய பேட்டரியா, லித்தியமா?" என்றுதான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: சமையல் எரிவாயுவிலா, மின்சாரத்திலா? இந்த ஒரு முடிவு பேட்டரியின் வகை, கம்பியின் தடிமன், 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்ற வழக்கு, இன்வெர்ட்டரின் அளவு எல்லாவற்றையும் பின்னால் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

எரிவாயுப் படகின் கணக்கு எளிது. நங்கூரமிட்டு நிற்கும் நாளில் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் 40 முதல் 60 ஆம்பியர்-மணி எடுக்கும். வெப்பமான கடல்களில் அதற்கு மேலும் போகும். விளக்குகள், தண்ணீர் பம்பு, கைப்பேசி, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 100 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 1.2 கிலோவாட்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். பாய் விரித்து ஓடும் நாளில் ஆட்டோபைலட்டும் கருவிகளும் சராசரியாக 5 ஆம்பியர் இழுத்தால், அதுவே இன்னொரு 120 ஆம்பியர்-மணி. மின்னடுப்பு வந்தால் இருவர் சமையலுக்கு மேலும் ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட்-மணி வேண்டும். மொத்த ஆற்றல் கூடுவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியரில் விட்டுவிட்டு நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கிறது. அடுப்போ 20 நிமிடத்துக்கு 180 ஆம்பியர் கேட்கிறது. திணறல் தொடங்குவது அங்கேதான்.

காரீயமும் லித்தியமும்

இங்கே லித்தியம் என்று நான் சொல்வது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை மட்டுமே. நிக்கல், கோபால்ட் கலந்த வகைகள் வெப்பம் கட்டுக்கடங்காமல் போனால் இன்னும் மூர்க்கமாக எரிபவை. எஞ்சினைக் கிளப்ப அல்லாமல் விளக்கு, ஃப்ரிட்ஜ் போன்றவற்றை ஓட்டும் வீட்டு பேட்டரியாக அவற்றை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

காகிதத்தில் பார்த்தால் 400 ஆம்பியர்-மணி ஏஜிஎம் தொகுதி (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்த, மூடிய காரீய பேட்டரி), 200 ஆம்பியர்-மணி லித்தியத்தைவிட இரு மடங்கு பெரியது. கடலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். காரீய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேல் முனையில் இருக்கும் இழப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 80 விழுக்காடு நிரம்பியதும் காரீயம் மின்னோட்டத்தை ஏற்பதைக் குறைத்துக்கொண்டே போகும். கடைசி 20 விழுக்காட்டை நிரப்பப் பல மணி நேரம் பிடிக்கும். எஞ்சினை அத்தனை நேரம் யாரும் ஓட்டப்போவதில்லை. ஆகவே நடைமுறையில் பேட்டரி 50க்கும் 85க்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. 400இல் 35 விழுக்காடு என்றால் 140 ஆம்பியர்-மணி. லித்தியமோ நிரம்பும் தறுவாய் வரை முழு வேகத்தில் ஏற்றுக்கொள்ளும். 200இல் 80 விழுக்காட்டைத் தயங்காமல் பயன்படுத்தினால் 160 கிடைக்கிறது. எடையில் அந்த ஏஜிஎம் தொகுதி சுமார் 120 கிலோ, லித்தியம் சுமார் 25 கிலோ.

அடுப்பை வைத்துவிட்டால் சமநிலை இன்னும் சாய்கிறது. காரீய பேட்டரியின் மீது அச்சிட்ட கொள்ளளவு, 20 மணி நேரத்தில் மெதுவாக வடியவிடும்போது கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் கொள்ளளவே சுருங்கும். இதை ஜெர்மானியரான பாய்கெர்ட் 1897லேயே சூத்திரமாக எழுதிவிட்டார். லித்தியத்தில் இந்தச் சுருக்கம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவே. தவிர, பாதி வடிந்த ஏஜிஎம்மிலிருந்து 180 ஆம்பியர் இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து, ஆற்றல் மிச்சமிருக்கும்போதே இன்வெர்ட்டர் அலாரம் அடித்து நின்றுவிடும்.

அப்படியானால் காரீயத்துக்கு இடமே இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. காரீயம் எப்போதும் முழுதாக நிரம்பியிருக்க விரும்புகிறது. அரைகுறையாக விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து மெல்லச் சாகும். லித்தியம் நேர் எதிர்: மாதக்கணக்கில் முழுதாக நிரப்பியே வைத்திருப்பதுதான் அதற்கு ஆகாது. ஓய்வில் விடும்போது பாதியளவில் விட்டால் அதற்குச் சுகம். ஆக, வாரமெல்லாம் படகுத்துறையில் கரை மின்சாரத்தோடு கட்டிக்கிடந்து, விடுமுறையில் மட்டும் கிளம்பும் படகுக்கு ஏஜிஎம்மே பொருத்தம். மாதக்கணக்கில் நங்கூரத்தில் வாழும் படகில், வெயில் போதாத ஒவ்வொரு நாளும் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. அங்கே லித்தியம் வெல்கிறது. லித்தியத்தின் சுழற்சி ஆயுள் ஆயிரக்கணக்கில், ஏஜிஎம்முக்குச் சில நூறு என்பதெல்லாம் இதற்கு அடுத்த காரணம்தான்.

காரீயத்திலேயே ஜெல் வகையைப் பற்றி ஒரே வரி: பொறுமையாக நிரப்பினால் நீடித்து உழைக்கும், ஆனால் அவசரமாக நிரப்ப விடாது என்பதால் பயணப் படகுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லித்தியத்தின் மறைமுகச் செலவு

லித்தியத்தின் விலையைச் சொல்பவர்கள் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் பட்டியலைச் சொல்வதில்லை. முதலில், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். காரீயம் சீக்கிரமே "போதும்" என்று சொல்லி ஆல்டர்னேட்டரைக் காப்பாற்றுகிறது. லித்தியம் கேட்டுக்கொண்டே இருக்கும். எஞ்சினோடு வந்த சாதாரண ஆல்டர்னேட்டர் தன் முழு மின்னோட்டத்தை மணிக்கணக்கில் தர வடிவமைக்கப்பட்டதில்லை, சூடேறி எரிந்துவிடும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ஆல்டர்னேட்டரை, எஞ்சினைக் கிளப்பும் தொடக்க பேட்டரியோடு அப்படியே விட்டுவிட்டு, அங்கிருந்து 30 ஆம்பியர் அளவில், ஒரு பேட்டரியிலிருந்து மற்றொன்றுக்கு அளவாக மின்னேற்றும் டிசி-டிசி சார்ஜர் மூலம் லித்தியத்தை நிரப்புவது. மற்றொன்று, சூடேறினால் வெளியீட்டை அடக்கும், வெப்ப உணரியுள்ள வெளிப்புற ரெகுலேட்டருடன் கூடிய பெரிய ஆல்டர்னேட்டர். சூரியத் தகடுகளை நம்பி எஞ்சினை அரிதாக ஓட்டுகிறவருக்கு முதல் வழி போதும். மலிவு, எளிமை, பழைய எஞ்சினில் கைவைக்க வேண்டாம். சூரியன் குறைவான அகலாங்குகளில் எஞ்சினையே நம்பி இருப்பவர் இரண்டாவதற்குச் செலவழிக்கத்தான் வேண்டும். 100 ஆம்பியர் தரக்கூடிய எஞ்சின் 30 ஆம்பியர் தந்துகொண்டு டீசல் குடிப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆல்டர்னேட்டர் நேரடியாக லித்தியத்தில் மின்சாரம் கொட்டிக்கொண்டிருக்கும்போது பிஎம்எஸ் என்ற காவல் சுற்று ஏதோ காரணத்தால் பேட்டரியைத் துண்டித்தால், போக இடமில்லாத மின்னோட்டம் மின்னழுத்தத்தைத் திடீரென எகிறச் செய்யும். ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போகும்; சில வேளை வானொலியும் திரைகளும் உடன்கட்டை ஏறும். துண்டிப்பதற்கு முன் ரெகுலேட்டருக்கு எச்சரிக்கை அனுப்பி ஆல்டர்னேட்டரை அடக்கும் பிஎம்எஸ்தான் இங்கே வேண்டும்.

இது பேட்டரி வாங்கும் முறையையும் தீர்மானிக்கிறது. காவல் சுற்று உள்ளேயே அடங்கிய பேட்டரிகளைப் பழைய காரீயத்தின் இடத்தில் அப்படியே வைக்கலாம் என்கிறார்கள். எரிவாயுப் படகுக்கு அது சரியே. ஆனால் அவற்றில் பலவும் ஒவ்வொன்றும் 100 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தராதவை. அடுப்புக்கு 180 வேண்டும் என்றால் இரண்டு போதும் என்று கணக்கு சொல்லும். இரண்டில் ஒன்று துண்டித்துக்கொண்டால் முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழ, அதுவும் விலகி, படகே இருண்டுவிடும். மின்னடுப்புப் படகுக்கு, சுமையையும் சார்ஜையும் தனித்தனியே துண்டிக்கும் வெளிப்புற பிஎம்எஸ் உள்ள தொகுதியே நிம்மதி. எந்த ஏற்பாடாக இருந்தாலும் தொடக்க பேட்டரியைக் காரீயமாகவே வைத்துக்கொண்டு, வழிகாட்டு விளக்குகளுக்கும் விஎச்எஃப் வானொலிக்கும் அங்கிருந்து ஒரு அவசர இணைப்பு கொடுத்துவிட வேண்டும். நள்ளிரவில், கப்பல் பாதையின் நடுவில், பிஎம்எஸ் தன் கடமையைச் செய்ததற்காக நாம் இருட்டில் மிதக்கக் கூடாது.

12, 24, 48

2000 வாட் சுமைக்கு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால், 12 வோல்ட்டில் சுமார் 185 ஆம்பியர் ஓடும். 24இல் 93. 48இல் 46. கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் இந்த வேறுபாடு தோன்றுவதைவிடப் பெரியது. 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போகவர 4 மீட்டர் என்று கொள்வோம். 12 வோல்ட்டில் சுமார் 67 வாட் கம்பியிலேயே வெந்துபோகிறது. அதே கம்பியில் 24 வோல்ட் என்றால் 17 வாட். 12 வோல்ட்டிலேயே இருக்க விரும்புகிறவர் 70 சதுர மில்லிமீட்டருக்குப் போய், இன்வெர்ட்டரை பேட்டரிக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் வைத்துச் சமாளிக்கலாம். எத்தனையோ படகுகள் அப்படித்தான் ஓடுகின்றன.

என் தீர்ப்பு: இருக்கும் படகு, 12 வோல்ட் கருவிகள், எரிவாயு அடுப்பு என்றால் 12ஐ விட்டு நகரவே வேண்டாம். புதிதாகக் கட்டும் படகு, மின்னடுப்பு, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி என்றால் 24. பெரிய நங்கூர மோட்டார்களும் முன்முனைத் தள்ளிகளும் 24இல் எளிதாகக் கிடைக்கின்றன. வானொலி போன்ற 12 வோல்ட் கருவிகளுக்கு மாற்றி ஒன்றும், அது பழுதானால் பொருத்த மற்றொன்றும் வேண்டும். 48ஐ, படகை ஓட்டுவதே மின் மோட்டார்தான் என்றாலொழிய நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். 48 வோல்ட்டுக்கான 16 செல் லித்தியம் முழுதாக நிரம்பும்போது 58.4 வோல்ட்டைத் தொடும். படகுக் கடைகளில் கிடைக்கும் சுவிட்சுகள், பிரேக்கர்கள் பலவும் 32 வோல்ட் வரைக்கே ஏற்றவை. நேர்மின்சாரத்தில் உண்டாகும் தீப்பொறி வில், மாறுமின்சாரத்தைப் போல நொடிக்கு நூறு முறை தானாக அணையும் வாய்ப்பு இல்லாதது. தவறான பிரேக்கரில் அது எரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு பெரியதா, இரண்டா?

பெரிய இன்வெர்ட்டருக்கு ஓய்வுப் பசி உண்டு. 3000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) கருவி எதுவும் இயக்காமல் சும்மா விழித்திருக்க 20 வாட் எடுத்தால், நாளுக்கு 480 வாட்-மணி. 12 வோல்ட்டில் 40 ஆம்பியர்-மணி! படகுக்குள் இன்னொரு ஃப்ரிட்ஜை ஒளித்துவைத்தது போல. அதனால் மடிக்கணினிக்காகப் பெரிய இன்வெர்ட்டரை நாள் முழுதும் விட்டுவைப்பது முட்டாள்தனம். மடிக்கணினிகளை 12 வோல்ட்டிலிருந்தே யுஎஸ்பி-சி மூலம் நிரப்பலாம். மீதமுள்ள சில்லறைச் சுமைகளுக்கு 300 வாட் அளவில் சிறிய இன்வெர்ட்டர், சமையலுக்கு மட்டும் விழிக்கும் பெரியது என்று பிரித்தால் மின்சாரமும் மிஞ்சும், ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். எரிவாயுப் படகுக்குச் சிறியது ஒன்றே போதும்.

விஏ என்பதை வாட் என்று படித்துவிடக் கூடாது. 3000 விஏ கருவி 25 டிகிரியில் தொடர்ந்து 2400 வாட் தருவது சாதாரணம். எஞ்சின் அறை வெப்பத்தில் அதற்கும் குறையும். சைன் அலையைப் போலி செய்யும் மலிவு வகையை மோட்டார் உள்ள எதற்கும் வாங்க வேண்டாம். கனத்த மின்மாற்றி உள்ள இன்வெர்ட்டருக்கும் எடை குறைந்த உயர் அதிர்வெண் வகைக்கும் இடையில் தேர்வென்றால், கம்ப்ரசரோ பம்போ அதில் கிளப்ப வேண்டியிருந்தால் கனத்ததே வேண்டும். தொடக்க நொடியின் பல மடங்கு இழுப்பை அதுதான் தாங்கும். இண்டக்‌ஷன் அடுப்புக்கும் கெட்டிலுக்கும் அந்தத் தேவை இல்லை.

சார்ஜரும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் வரும் வகை, இரண்டையும் தனித்தனியே வைப்பது என்ற போட்டியில் நான் வழக்கத்துக்கு மாறான கட்சி. ஒரே பெட்டி அழகானது. கரை மின்சாரம் வந்ததும் தானே மாறிக்கொள்ளும், பூமி இணைப்பையும் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் கரையின் அதிர்வெண்ணே உள்ளேயும் வரும். 50 ஹெர்ட்ஸுக்கு வாங்கிய கருவிகளோடு 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்குப் போகிறவருக்கு, எந்த மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் ஏற்கும் தனி சார்ஜர் பேட்டரியை நிரப்ப, படகின் மாறுமின்சாரம் எல்லாம் எப்போதும் இன்வெர்ட்டரிலிருந்தே வருவது பெரிய விடுதலை. தனி இன்வெர்ட்டர் என்றால் அதன் நியூட்ரலைப் பூமியோடு இணைத்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் வேலை செய்யாது.

செலவைக் குறைக்கக் கூடாத இடங்கள் இரண்டு. லித்தியத்தின் மின்னழுத்தம் நடுப்பகுதி முழுதும் 13.2 வோல்ட்டை ஒட்டியே கிடப்பதால் வோல்ட்மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவே முடியாது. போகும் வரும் ஆம்பியரை எண்ணும் ஷன்ட் வகை மானி கட்டாயம். அடுத்தது ஃபியூஸ். மின்சுருக்கு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் லித்தியத் தொகுதி பல ஆயிரம் ஆம்பியரைக் கக்கும். படகுகளில் வழக்கமான ஏஎன்எல் ஃபியூஸ் 6000 ஆம்பியர் வரைதான் பத்திரமாக அறுபடும்; அதற்கு மேல் அறுந்த பிறகும் வில் தொடரக்கூடும். 20,000 ஆம்பியரை அறுக்கும் 'டி' (T) வகுப்பு ஃபியூஸை பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே பொருத்தி, அதே அளவில் இன்னொன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைவான துறைமுகங்களில் அது கைக்குக் கிடைக்காது.