நிழல் செடி என்று நம்பி 8,600 ரூபாயை இழந்தேன்: எச்சரிக்கை

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டின் பின்புறம் நிற்கும் பெங்களூரா மாமரத்தடியில், காலையில் சிறிது நேரம் தவிர வெயிலே விழாது. அங்கே நிழலில் வளரும் செடிகளை வைக்க ஆசைப்பட்டு, சென்ற மாதம் நெடுஞ்சாலையோர நர்சரி ஒன்றில் 8,600 ரூபாய் கட்டினேன். அதில் வந்த அக்லோனிமா என்ற அலங்கார இலைச் செடிகளில் கடைசியையும் இன்று காலைதான் குப்பையில் கொட்டினேன்.

கைப்பேசியில் நான் காட்டிய மரத்தடிப் படத்தை அந்த நர்சரிக்காரர் விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "வெயில் எந்தப் பக்கம் சார் வரும்? போர் தண்ணி உப்பா?" என்று விசாரித்தார். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பவர் தொழில் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நம்பி, செடிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டு, வண்டி கிளம்பும் முன்பே முழுத் தொகையையும் அனுப்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வந்து இறங்கியவை 12 குரோட்டன்ஸ், 6 இட்லிப்பூச் செடி, 10 அக்லோனிமா. வெயில் பட்டால்தான் குரோட்டன்ஸுக்கு நிறம் ஏறும், இட்லிப்பூ மொட்டு விடும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மரத்தடியில் குரோட்டன்ஸ் இலைகளை உதிர்த்து, புதிதாக விட்டதையும் வெறும் பச்சையாகவே விட்டது. நிழலில் வளரக்கூடிய அக்லோனிமாவும் துவண்டதால், ஒன்றின் தண்டைப் பிடித்து லேசாக இழுத்தேன். உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. வேர் என்று ஒரு நூல்கூட இல்லை. சாய்வாக வெட்டிய அடிப்பகுதி பழுப்பேறிக் கொழகொழவென்று நாறியது. தென்னை நார்க்கழிவில் செருகிய தண்டு ஒன்றுக்கு 500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

கேட்டதற்கு முதலில், "இடம் மாறினா வாடத்தான் சார் செய்யும்" என்றார். அடுத்த வாரம், நான்தான் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டேன் என்றார். நேரில் போனபோது, முதலாளி வெளியூர் போயிருப்பதாகப் பையன் சொன்னான். உள்ளே அவர் குரல் கேட்டது. 8,600 ரூபாயில் ஒரு பைசாவும் திரும்பவில்லை.

செடி வாங்குவோருக்கு விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் முடியவில்லை. தொட்டியைச் சாய்த்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். மாமரத்தடியில் குழி தோண்டினால் மரத்தின் மேல்வேர்கள் அறுபடும் என்பதால் தொட்டியிலேயே வையுங்கள். தங்கை வீட்டிலிருந்து சும்மா ஒடித்து வந்த மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும் அதே நிழலில் நன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு செடியின் பெயரும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். என்னிடம் இருப்பது "செடி - 8,600" என்று கிறுக்கிய துண்டுச் சீட்டு மட்டும்தான்.