மடக்கு வாஷிங் மெஷின் வாங்கி ஏமாந்தோம், அழுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

வேனையே வீடாக்கி ஊர் சுற்றும் எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்தது என்று சொல்லி ஒரு செட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மடக்கு வாஷிங் மெஷின் ஒன்று, அழுக்குத் தண்ணீர் பிடிக்க 15 லிட்டர் பை, ஒரு பாட்டில் சோப்பு லிக்விட். மூன்றும் காலை வாரிவிட்டன. அச்சு அசலாக இதே செட் வேறு வேறு பெயரில் இன்னும் விற்பனையில் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மெஷினில் "8 லிட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது டிரம் கொள்ளும் அளவு, துணியின் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. உள்ளே கோடு போட்டிருக்கும் மட்டம் வரை ஊற்றினால் 6 லிட்டர். இரண்டு டி-ஷர்ட், நாலு சாக்ஸ், அவ்வளவுதான். ஜீன்ஸ் போட்டால் மோட்டார் முனகிக்கொண்டே நின்றுவிடுகிறது. சோப்போடு ஒரு தரம், அலச இரண்டு தரம், ஆக 18 லிட்டர். எங்கள் வேனின் நல்ல தண்ணீர் டேங்கே 40 லிட்டர்தான்! இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் உட்கார்ந்து போட்டிருக்கலாம், வீடியோவில் நுரை அழகாகச் சுழன்றதைப் பார்த்ததில் எனக்குக் கணக்கு மறந்துபோச்சு.

"தண்ணீர் தானாக வெளியேறும்" என்பது அடுத்த புளுகு. பம்ப் கிடையாது. டிரம்மின் அடியில் ஒரு ஓட்டை, அதில் விரல் தடிமனுக்கு ஒரு ஹோஸ். ஹோஸின் முனை மெஷினின் அடியை விடத் தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் இறங்கும். வேனுக்குள் தரையில் வைத்த மெஷினுக்கு அதைவிடத் தாழ்வான இடத்துக்கு எங்கே போவது? சமையல் மேடை மேல் தூக்கி வைத்தால் சுழலச் சுழல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடுகிறது, ஒரு ஆள் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கடுப்பில் அந்த விளம்பர வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மெஷின் ஓடும் காட்சி எல்லாமே வீட்டுக் குளியலறையில், சிங்க் மேலே. வேன் வரும் இடத்தில் ஒரு பெண் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருக்கிறார், மெஷின் ஓடவே இல்லை. தண்ணீர் உள்ளே போவதைக் காட்டுகிறார்கள், வெளியே வருவதை ஒரு நொடிகூடக் காட்டவில்லை.

பை விஷயம் இன்னும் கேவலம். 18 லிட்டர் அழுக்குத் தண்ணீருக்கு 15 லிட்டர் பை என்பதே கோளாறு. மிச்சத்தை வாளியில் பிடித்து வைத்துவிட்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம், மறுநாள் கழிவுநீர் கொட்டும் இடம் வந்ததும் ஊற்றிவிடலாம் என்று. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதாவது 15 கிலோ ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் குலுங்குகிறது. திருகு மூடிக்குள் ரப்பர் வாஷர் இல்லை, அதை முதலிலேயே நான் பார்க்கவில்லை. ஒரு வளைவில் வண்டி திரும்பியதும் பை கவிழ்ந்து, மூடி வழியாகக் கசிந்து, மெத்தையின் அடிப்பக்கம் முழுக்க ஊறிவிட்டது. சோப்புத் தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். துணியிலிருந்து வந்த வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, தோல் துகள் எல்லாம் அதில் இருக்கிறது. வெயிலில் நின்ற வண்டியில் மூடி வைத்த தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா வேலையைக் காட்டிவிடும், அழுகின முட்டை நாற்றம். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கினோம்.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது சோப்பு பாட்டில் மேல்தான். "முழுவதும் மக்கும், ஓடையிலேயே அலசலாம்" என்று ஓடைப் படத்தோடு லேபிள். மக்கும் சோப்பு என்றாலும் அது மக்குவதற்கு மண்ணும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் வேண்டும். நேரே தண்ணீரில் கலந்தால் மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் கெடுதல்தான். காட்டுப் பயணக்காரர்கள் பின்பற்றும் லீவ் நோ ட்ரேஸ் வழிமுறையில், துவைப்பதற்கான தண்ணீரை ஓடையிலிருந்து 200 அடி தள்ளி எடுத்துப் போய்த்தான் சோப்புப் போடச் சொல்கிறார்கள். சுமார் 60 மீட்டர், பெரியவர் நடையில் 70 காலடி. துவைத்த அழுக்குத் தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் வடிகட்டி மண்ணில் பரவலாகத் தெளிக்கலாம், அந்த இடத்தின் விதி அனுமதித்தால். டேங்கில் சேர்த்த அழுக்குத் தண்ணீரைக் கழிவுநீர் கொட்டுவதற்கென்று இருக்கும் இடத்தில்தான் திறக்க வேண்டும்.

திருப்பி அனுப்பலாம் என்று விற்றவருக்கு எழுதினேன். வந்த பதில்: "ஈரம் பட்ட பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." வாஷிங் மெஷினை ஈரம் படாமல் எப்படிங்க ஓட்டிப் பார்ப்பது என்று கேட்டதற்கு, உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம் என்று ஒரு ரெடிமேட் மெசேஜ். மூன்றாவது தடவை கத்தின பிறகு, ஐந்து நட்சத்திரம் போட்டு நல்ல ரிவ்யூ எழுதினால் பாதிப் பணம் தருகிறேன் என்றார்கள். வாங்கிக்கோ, போகட்டும் என்றார் என் வீட்டுக்காரர். நான் மாட்டேன் என்றுவிட்டேன். அந்தப் பக்கத்தில் நட்சத்திரம் குவிந்து கிடந்த ரகசியமும் அப்போதுதான் புரிந்தது.

இப்போது எங்களிடம் இருப்பது வாய் அகன்ற, மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் வாளி. காலையில் துணி, தண்ணீர், துளி சோப்பு போட்டு மூடி, நிமிர்த்திக் கட்டிவிட்டால் வண்டி ஓடுகிற ஓட்டத்தில் மேடு பள்ளமே துவைத்துவிடுகிறது. அலசிய துணியைத் துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதித்தால், அந்த மெஷினின் ஸ்பின் கூடையை விட நன்றாகவே பிழிகிறது. அழுக்குத் தண்ணீருக்குக் கெட்டியான கேன், மூடிக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து வாங்கியது. முக்கால்வாசிக்கு மேல் நிரப்புவதில்லை, ராத்திரி தங்க விடுவதுமில்லை.

அப்படியும் மெஷின்தான் வேண்டும் என்றால் பம்ப் உண்டா, எத்தனை கிலோ உலர்ந்த துணி போடலாம், ஈரம் பட்ட பிறகும் திரும்ப எடுப்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.