சிறிய பல்கலைக்கழகம்: படித்த நான்காண்டும் வெளியேறிய ஒன்பதாண்டும்

பட்டம் பெற்ற கையோடு எழுதியிருந்தால் இது நன்றிக் கடிதமாகவோ வசைக் கடிதமாகவோ முடிந்திருக்கும் என்பதால், ஒன்பதாண்டுகள் கழித்து எழுதுகிறேன். நான் கணிதத்தில் நான்காண்டு இளநிலைப் படிப்பு முடித்த பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறைகளையும் சேர்த்தே சுமார் 1,500 மாணவர்கள்தாம் இருந்தனர். எங்கள் துறையில் ஆசிரியர்கள் எட்டுப் பேர். என் வகுப்பில் 19 பேர். பெயரைக் குறிப்பிடவில்லை, ஏனெனில் நான் சொல்லவிருக்கும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அந்த நிறுவனத்தின் குணத்தால் வந்தவையல்ல, ஆட்கள் குறைவு என்ற ஒரே காரணத்தால் வந்தவை.

சேர்வதற்கு முன் நான் நம்பியது பாடத்திட்டக் கையேட்டை. அதில் எங்கள் துறைக்கு மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட விருப்பப் பாடங்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஆனால் எட்டு ஆசிரியர்கள் கட்டாயப் பாடங்களையும் பிற துறைகளுக்கான அடிப்படைக் கணிதத்தையும் நடத்தியபின், ஒரு பருவத்தில் உண்மையிலேயே நடக்கக்கூடிய விருப்பப் பாடங்கள் நான்கோ ஐந்தோதான். மற்றவை ஓராண்டு விட்டு ஓராண்டு வரும், அல்லது அதை நடத்தக்கூடிய ஒரே ஆசிரியர் ஊரில் இருந்தால் வரும். உயர்நிலை நிகழ்தகவு படிக்க விரும்பியவனுக்கு அதற்கு முன் நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பொதுமைப்படுத்தும் அளவைக் கோட்பாடு வேண்டும்; அதற்கும் முன் மெய்யெண்களையும் அவற்றின் சார்புகளையும் ஆராயும் மெய்ப்பகுப்பாய்வு வேண்டும். மூன்றாம் ஆண்டில் அளவைக் கோட்பாடு வரவிருந்த பருவத்தில் அதை நடத்தும் பேராசிரியர் ஆய்வு விடுப்பில் சென்றார். அடுத்த முறை அந்தப் பாடம் வரும்போது நான் பட்டம் வாங்கி வெளியேறியிருப்பேன். பெரிய பல்கலைக்கழகத்தில் ஒருவர் விடுப்பில் போனால் நேர அட்டவணை மாறும். இங்கே ஒரு மாணவனின் படிப்பே திசை மாறுகிறது.

அந்தச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்வும் அந்தச் சிறுமையிலிருந்தே வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. துறைத்தலைவர் என்னையும் இன்னொரு மாணவியையும் அழைத்து, வாரம் ஒருமுறை தமது அறையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, தனிப்படிப்பாக அந்தப் பாடத்தை நடத்தினார். விரிவுரை என்று எதுவும் இல்லை. நாங்கள் நிரூபணங்களைப் பலகையில் எழுத வேண்டும், அவர் இடைமறித்துக் கேள்வி கேட்பார். ஆயத்தமில்லாமல் போன நாள்களில் ஒளிந்துகொள்ளப் பின்வரிசை என்று ஒன்று இல்லை. ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றோரில் 98 விழுக்காட்டினரை விட மேலான நிலையை எட்டினார் என்று கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வேறுபாடு பொதுவாகத் தென்படவில்லை; என் அனுபவமும் அந்த உச்சிக்குப் போகவில்லை. ஆயினும் நான்காண்டுகளில் கற்றவற்றுள் இன்றும் தடுமாறாமல் நினைவிலிருப்பது அந்த அறையில் கற்றதுதான்.

மாணவர் ஆதரவைப் பொறுத்தவரை, கையேட்டில் இருந்த அலுவலகங்களைவிட மனிதர்களின் கவனமே வேலை செய்தது. மாணவர் இடைநிற்றலைப் பற்றி வின்சென்ட் டிண்டோ 1975இல் முன்வைத்த கருத்தில், படிப்போடும் வளாகத்தின் மனிதர்களோடும் ஒருவர் எவ்வளவு ஒன்றியிருக்கிறார் என்பதே மையம். இரண்டாம் ஆண்டில் நான் தொடர்ந்து மூன்று வகுப்புகளுக்குப் போகாதபோது, நான்காம் நாள் என் கல்வி ஆலோசகரே தொலைபேசியில் அழைத்தார். வருகைப்பதிவு மென்பொருள் எச்சரித்ததால் அல்ல, 19 பேர் இருக்கும் அறையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் பட்டதால். நூலகத்தில் நூல்கள் குறைவு. ஆனால் பிற நூலகங்களிலிருந்து இரவல் பெற்றுத்தர நூலகர் சலிக்கவே மாட்டார்.

இதே நெருக்கம் மனநல உதவியில் கெடுதலாக முடிந்தது. வளாகம் முழுமைக்கும் உளவியல் ஆலோசகர் ஒருவர்தான் இருந்தார், அதுவும் வாரத்தில் மூன்று நாள். அவருடைய அறை பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்ததால், வாசலில் காத்திருப்பவர் யார் என்பது மாலைக்குள் பலருக்கும் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த இருவர் இதற்காகவே அங்கே போகாமலிருந்தனர். வளாகத்துக்கு வெளியே ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யும்படி மாணவர்கள் எழுதிக் கொடுத்த மனுவுக்கு நான் வெளியேறும் வரை பதில் வரவில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் அந்தரங்கத்தைத் திட்டமிட்டுத்தான் காக்க வேண்டும் என்பது நிர்வாகத்துக்கு உறைக்கவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

வேலைவாய்ப்புப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. ஒரே நாளில் நூறு பேரை நேர்காணல் செய்ய விரும்பும் நிறுவனங்கள் 19 பேர் உள்ள வகுப்பைத் தேடி வருவதில்லை.

அந்த இடத்தை ஓரளவு நிரப்பியவர்கள் முன்னாள் மாணவர்கள். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை ஆராய்ந்து சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட முடிவின்படி, வாரம் இருமுறையாவது சந்திக்கும் நெருக்கமானவர் வழியாக வேலை பெற்றோர் 16.7 விழுக்காடு மட்டுமே. அவ்வப்போது சந்திப்பவர் வழியாகப் பெற்றோர் 55.6 விழுக்காடு, ஆண்டுக்கொரு முறையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பவர் வழியாகப் பெற்றோர் 27.8 விழுக்காடு. இதைப் படித்தபோது எங்கள் நிலை விளங்கியது. எங்களுக்கு நெருங்கிய உறவுகள் ஏராளம், தூரத்துப் பழக்கங்கள் மிகக் குறைவு. வகுப்பில் ஒருவருக்குத் தெரிந்த காலியிடம் மற்றப் பதினெட்டுப் பேருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனால் முகமறியாத மூத்த மாணவர்களுக்கு நான் எழுதிய பதினோரு மின்னஞ்சல்களில் ஒன்பதுக்குப் பதில் வந்தது. என் முதல் வேலை, எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன் படித்த, அதுவரை நான் பார்த்தே இராத ஒருவர் வழியாகக் கிடைத்தது. எங்களை இணைத்தது ஒரே பேராசிரியரிடம் படித்தோம் என்பது மட்டுமே.

மேற்படிப்புக்குப் போனவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் உதவவில்லை, பரிந்துரைக் கடிதங்கள் உதவின. என் வழிகாட்டி எழுதிய கடிதத்தில், நான் எந்தத் தேற்றத்தில் இரண்டு வாரம் சிக்கிக் கிடந்தேன், அதிலிருந்து எப்படி மீண்டேன் என்பதுவரை இருந்ததாகச் சேர்க்கைக் குழுவில் இருந்த ஒருவர் பின்னர் சொன்னார். முன்னூறு பேருக்கு விரிவுரை நிகழ்த்துபவரால் அப்படி எழுத இயலாது. என் வகுப்புத் தோழி ஐரோப்பாவுக்கு விண்ணப்பித்தபோது எங்கள் பாடங்களின் மதிப்பை அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. அங்குள்ள முறையில் ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு 60 அலகுகள், ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அந்தக் கணக்குக்கு ஏற்ப ஒவ்வொரு பாடத்தின் நேரத்தையும் பாடநூலையும் பட்டியலிட்டு, பதிவாளர் அலுவலகத்தில் இருந்த ஒருவர் இரண்டே நாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

இப்போது மின்னஞ்சல் பெறும் இடத்தில் நான் இருக்கிறேன். சேரலாமா என்று கேட்பவர்களிடம், கையேட்டை மூடி வைத்துவிட்டுக் கடந்த நான்காண்டுகளின் நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் விருப்பப் பாடத்தை எத்தனை ஆசிரியர்களால் நடத்த முடியும் என்று எண்ணுங்கள் என்கிறேன். சென்ற மாதம் எழுதிய மாணவர் அளவைக் கோட்பாட்டைத் தேடியிருக்கிறார். நான் படித்த காலத்தில் விடுப்பில் போன அந்தப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டாராம், அவர் இடத்தில் இன்னும் யாரையும் அமர்த்தவில்லையாம். எங்களுக்குத் தனிப்படிப்பு நடத்திய துறைத்தலைவரின் முகவரியை அனுப்பி, இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்கும்படி எழுதினேன்.