மூணு லேயர் கார் கவர்: அப்பாவோட ஈஸ்வராவுக்கு ஒரு மழைக்காலம் போட்டுப் பாத்தாச்சு

மொதல்லயே சொல்லிடறேன், 129 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) இந்தக் கவர் தாராளமா வாங்கலாம், ஆனா கவரைப் போட்டு மூடிட்டா கார் தப்பிச்சிடும்னு நெனைச்சீங்கன்னா முந்தின வருஷம் நான் பட்ட பாட்டைத்தான் நீங்களும் படுவீங்க.

எங்க வீடு மலேசியாவுல, ஜொகூர் மாநிலத்து ரெங்கம், குளுவாங் பக்கம், எங்க பாத்தாலும் செம்பனை. அப்பா தோட்டத்துல கிராணியா, அதாவது கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, 95-ல எடுத்த புரோட்டோன் ஈஸ்வரா காரை இன்னும் விடல. வண்டி ஸ்டார்ட் ஆனாலும் "ஈஸ்வரா"ம்பாரு, ஆகலைன்னாலும் "ஈஸ்வரா"ம்பாரு, காரைக் கூப்புடறாரா சாமியைக் கூப்புடறாரான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. நான் சிங்கப்பூர்ல வேலை செய்றேன், மாசம் ஒரு தடவை வந்தா பெருசு. தீபாவளி முடிஞ்சு மழை புடிச்சுக்கிட்டா அப்பாவுக்கு இழுப்பு வந்துரும், அக்கா வந்து கோலாலம்பூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிரும், தைப்பூசம் வரைக்கும் கார் கொட்டாய்ல தனியாத்தான் கெடக்கும். ஜொகூர்ல வடகிழக்குப் பருவமழை எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், 2006 டிசம்பரை எங்க ஊர்ப்பக்கம் யாரும் மறக்கல, 2023 மார்ச்சுல கூட குளுவாங், சிகாமட் பக்கமெல்லாம் தண்ணி. எங்க வீடு மேட்டுல, வெள்ளம் ஏறாது. ஆனா காரைக் கெடுக்க வெள்ளம் எதுக்கு, ஈரக்காத்தே போதும்.

முந்தின வருஷம் பசார் மாலாம்ங்கற ராத்திரிச் சந்தையில 45 வெள்ளிக்கு ஒரு தடி பிளாஸ்டிக் கவர் வாங்கி, சுத்தி கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டு, பெரிய வேலை செஞ்ச மாதிரி கெளம்பிட்டேன். தைப்பூசத்துக்கு வந்து தூக்குனா கவரோட உள்பக்கம் சோத்துப் பானை மூடி மாதிரி சொட்டுது. கதவைத் தொறந்தா ஸ்டீயரிங் மேல விபூதி பூசுன மாதிரி வெள்ளையா பூஞ்சை, சீட் பெல்ட் பச்சை, போனட்ல ரெண்டு எடத்துல பெயிண்ட் கொப்புளம். ஹேண்ட் பிரேக் வேற இழுத்துட்டுப் போயிருக்கேன் அறிவுகெட்டத்தனமா, பின் டிரம்ல பிரேக் ஷூ ஒட்டிக்கிட்டு வண்டி அசையல. ஃபோமன், அதான் மெக்கானிக், வந்து சுத்தியால டிரம்மைத் தட்டித் தட்டி எடுத்தாரு. அப்பா ஒண்ணும் சொல்லல, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு, திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

எப்படி ஆச்சுன்னா, மேலேர்ந்து ஒரு சொட்டு மழை கூட உள்ள போகல. கொட்டாய்த் தரை மண்ணு, அந்த மண்ணுலேர்ந்து ஆவி கெளம்பி மேல வந்து பிளாஸ்டிக்ல முட்டி அங்கயே நின்னுருது, ராத்திரி இரும்பு சில்லுனு ஆனதும் தண்ணியா எறங்குது. மழையே இல்லாத நாள்ல விடியக்காலைல ஜிங்க் கூரைக்கு அடியில நின்னு பாருங்க, அதுவும் சொட்டும், அதே கதைதான். இங்கிலாந்துக்காரங்க குளிர்காலத்துக்கு காரை மூடி வைக்கிற வீடியோ நெறைய இருக்கு, அங்கயும் அவங்க பயப்படறது குளிருக்கு இல்ல ஈரத்துக்குத்தான். காத்துல ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்புக்குத் துரு வேகமா ஏறும், 18 வெள்ளிக்கு ஒரு மீட்டர் வாங்கி கொட்டாய்ல மாட்டுனேன், ராத்திரி 94 காட்டுது. தண்ணிக்குள்ளயே காரை வெச்ச மாதிரி.

சரி, இந்தக் கவருக்கு வர்றேன். துணி மாதிரியும் இல்லாம பிளாஸ்டிக் மாதிரியும் இல்லாம மூணு லேயர், மழையைத் தடுக்கும் ஆனா உள்ள இருக்கற ஆவியை வெளிய விடும்னு போட்டிருந்தான். வாயில வெச்சு ஊதிப் பாத்தேன், லேசா காத்து போகுது, அந்தப் பழைய கவர்ல போகவே போகாது. நவம்பர்ல போட்டது, ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் கையை உள்ள விட்டுப் பாத்தேன், ஒரு தடவை கூட உள்பக்கம் நனையல. டிரைவர் கதவு பக்கம் ஒரு ஜிப் இருக்கு, இதை யோசிச்சவன் நல்லா இருக்கணும், முழுசா கழட்டாமலே கதவைத் தொறந்து உள்ள பாத்துடலாம்.

கொறை இல்லாம இல்ல. சைஸ் சேடான் எம்னு சொல்லி வித்தான், ஈஸ்வராவுக்கு அது தொளதொளன்னு நிக்குது, காத்தடிச்சா படபடன்னு அடிச்சு ஓரமெல்லாம் பெயிண்ட்ல தேய்க்குது. அடியில கட்டற பட்டையோட பக்கிள் ரெண்டாவது மாசமே ஒடைஞ்சு போச்சு. கடைக்காரன்கிட்ட மெசேஜ் போட்டா பொம்மை படம் ஒண்ணு அனுப்பிட்டு அதோட காணாமப் போயிட்டான். இப்ப நைலான் கயிறுதான். இன்னொண்ணு, கவர் போடறதுக்கு முன்னாடி காரைக் கழுவி நல்லாக் காய வெச்சே ஆகணும், செம்மண் தூசியோட போட்டீங்கன்னா உப்புத்தாளை வெச்சுத் தேய்க்கிறதும் இதுவும் ஒண்ணுதான்.

கவர் பாதி வேலைதான்னு சொன்னேன்ல. தரையில ஒரு தடிச்ச பிளாஸ்டிக் கான்வாஸை விரிச்சு அது மேல காரை ஏத்தி நிறுத்துனேன், மண்ணுலேர்ந்து வர்ற ஆவி அங்கயே அடங்கிருது, என்னைக் கேட்டா கவரைவிட இதுக்குத்தான் ஸ்டார் ஜாஸ்தி போடணும். ஹேண்ட் பிரேக் இழுக்கல, கியர்ல போட்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. டயருக்கு 38 பிஎஸ்ஐ காத்து, டேங்க் ஃபுல்லு.

காருக்குள்ள வைக்கிற ஈரம் இழுக்கற டப்பா இருக்கே, சூப்பர் மார்க்கெட்ல அலமாரிக்கு விப்பாங்களே, அதுல நாலு வாங்கி வெச்சேன். கண்ணாடி முழுசா ஏத்தியிருந்தா நல்லாவே இழுக்குது, மொத மாசமே பாதி டப்பா தண்ணி. ஆனா அது வெறும் தண்ணி இல்லைங்க, கால்சியம் குளோரைடு உப்புக் கரைசல். எலி ஒண்ணு உள்ள பூந்து பின் சீட்டுக்குக் கீழ இருந்த டப்பாவைக் கவுத்துருச்சு, கார்ப்பெட்ல ஊறுன அந்த எடம் எத்தனை நாள் வெயில்ல போட்டாலும் காயவே இல்ல, ஏன்னா அந்த உப்பு காத்துலேர்ந்து மறுபடி மறுபடி ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். தகரத்துல பட்டா துருவும் வரும். கார்ப்பெட்டையே கழட்டி நாலு தடவை தண்ணில அலசுன பிறகுதான் காஞ்சுது. வைக்கிறதா இருந்தா டப்பாவை ஒரு வாளிக்குள்ள வையுங்க. இல்ல, காத்து வரட்டும்னு கண்ணாடியைக் கொஞ்சம் எறக்கி வைக்கிற ஆளா இருந்தா டப்பாவே வேணாம், ஊர்க்காத்து பூரா அதுக்குள்ள வந்துக்கிட்டே இருந்தா நாலு டப்பா எந்த மூலைக்கு.

எலிக்கு அப்பா அந்துருண்டையை எஞ்சின் பக்கம் கொட்டி வெச்சாரு. எலி போச்சோ இல்லையோ, ஏர்கான் போட்டா இப்பவும் பழைய பொடவைப் பெட்டி வாசனை. தோட்டத்துல எலி புடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி விட்டிருக்காங்க, அந்த ஆந்தைல ஒண்ணு நம்ம கொட்டாய் பக்கம் வந்தா தேவலாம்.

பேட்டரிக்கு தானா நின்னுக்கிற சார்ஜர் ஒண்ணு 110 வெள்ளி. மூணு மாசமும் மாட்டியே வெச்சிருந்தேன், கழட்டி ஒரு ராத்திரி விட்டு அளந்தா 12.7 வோல்ட். பழைய காலத்து சார்ஜரை இப்படி விட்டுறாதீங்க, தண்ணி கொதிச்சு பேட்டரியே செத்துப் போயிரும்.

பக்கத்து வீட்டு மாமா நல்ல மனுஷன், முந்தின வருஷம் வாரா வாரம் எனக்குத் தெரியாம காரை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டுருக்காரு. அது ஒதவி இல்ல மாமான்னு சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வருது, எஞ்சின் சூடேறாம நிறுத்திட்டா அதுல கொஞ்சம் சைலன்சர்லயும் ஆயில்லயும் தங்கிரும். ஓட்டுறதா இருந்தா குளுவாங் வரைக்கும் போயி ரயில் ஸ்டேஷன்ல ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க மாமா, இல்லாட்டி சாவியைத் தொடாதீங்கன்னு சொன்னேன். இந்தத் தடவை சாவியை வாங்கிக்கிட்டே போயிட்டேன், கொஞ்சம் கோவம் அவருக்கு.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் கவரைக் கழட்டுனோம். ஸ்டீயரிங்ல பூஞ்சை இல்ல, புதுக் கொப்புளம் இல்ல, முன் பிரேக் டிஸ்க்ல மட்டும் லேசா மஞ்சள் துரு, கேட் தாண்டறதுக்குள்ள தேஞ்சு போச்சு. ரெண்டாவது தடவை சாவியைத் திருகினதும் புடிச்சுக்கிச்சு. அப்பா "ஈஸ்வரா"ன்னாரு.

கவருக்கு அஞ்சுக்கு மூணரை, அந்தப் பக்கிளுக்காகத்தான் கொறைச்சேன். ஈஸ்வரா, பழைய புரோட்டோன் சாகா வெச்சிருக்கவங்க எம் எடுக்காதீங்க, ஒரு சைஸ் கம்மியா எஸ் கேளுங்க, கடைக்காரன் எம்தான்னு அடிச்சுச் சொன்னாலும் வண்டியை நீங்களே அளந்து பாத்துட்டு வாங்குங்க.