ஸ்மார்ட் சுவிட்சும் ஸ்மார்ட் பல்பும் ஒண்ணா போட்டா: ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

எங்க வீட்டுக்கு ஸ்மார்ட் பல்ப், அதாவது ஃபோன் ஆப்ல இருந்தே வெளிச்சத்தையும் கலரையும் மாத்தக்கூடிய பல்ப், வந்ததே அப்பாவுக்காகத்தான். 70 வயசு தாண்டிடுச்சு, ராத்திரி ரெண்டு மூணு தடவ பாத்ரூம் போக எந்திரிப்பாரு, ட்யூப்லைட் போட்டா கண்ணு கூசுது அப்புறம் தூக்கமே வரமாட்டேங்குதுன்னு இருட்டுலயே சுவத்த தடவிக்கிட்டு போவாரு. எங்கயாவது தடுக்கி விழுந்துடுவாரோன்னு எனக்கு பயம். 2200 கெல்வின்ல, அதாவது விளக்கு வெளிச்சம் மாதிரி மஞ்சளா, 5 சதவீதம் பிரைட்னஸ்ல எரியற பல்ப் இருக்குன்னு தெரிஞ்சதும் பெட்ரூம்லயும் வெளிய நடையிலயும் மாட்டிட்டேன்.

ரெண்டே நாள்தான். அம்மா படுக்கும்போது வழக்கம்போல சுவிட்சை ஆஃப் பண்ணிடறாங்க, பல்புக்கு கரண்டே போகல, ஆப்ல பாத்தா ஆஃப்லைன்னு காட்டுது. சுவிட்சை தொடாதீங்கம்மான்னு சொன்னா "லைட்டை நிறுத்தாம எப்படிடா படுக்கறது"ன்னு கேக்கறாங்க. அவங்க கேக்கறது நியாயம்தானே, 40 வருஷமா சுவத்துல இருக்கற சுவிட்சை அமுக்கி பழகின கை அது. வீட்டுல எல்லாரும் ஃபோனை எடுத்து லைட் போடணும்னு எதிர்பாக்கறது தப்புன்னு அன்னிக்கு புரிஞ்சுது.

அப்புறம் சுவிட்சுக்கு பதிலா மாட்டற டச் பேனல் ஒண்ணு வாங்கினேன், டிம்மரோட (வெளிச்சத்தை கூட்டி குறைக்கறது). இதுல காசு வேஸ்ட் ஆச்சு, நீங்களும் இத பண்ணிடாதீங்க. டிம்மர் என்ன பண்ணும்னா கரண்ட் அலையை பாதியில வெட்டி வெட்டி அனுப்பும், பழைய குண்டு பல்புக்கு அது ஓகே, ஆனா ஸ்மார்ட் பல்புக்குள்ளயே பிரைட்னஸ் குறைக்கற சர்க்யூட் இருக்கு, அதுக்கு எப்பவும் முழு கரண்ட் வேணும். ரெண்டும் சேந்தா பல்ப் மினுக்மினுக்குன்னு அடிக்குது, ங்ங்னு ஒரு சத்தம் வேற. கழட்டி வச்சிட்டேன்.

கடைசியில செட் ஆனது ஷெல்லி 1 மினி ஜென்3ங்கற வைஃபை ரிலே, அதாவது சுவிட்ச் மாதிரி கரண்டை விடற, நிறுத்தற ஒரு சின்ன டப்பா. தீப்பெட்டியை விட சின்னது, சுவிட்ச் போர்டுக்கு பின்னாடியே உக்காந்துக்கும், 8 ஆம்பியர் வரைக்கும் தாங்கும். இதுல டிட்டாச்ட் மோடுன்னு ஒண்ணு இருக்கு, இந்த ரிவ்யூவே அதுக்காகத்தான் எழுதறேன். அந்த மோடு போட்டா சுவிட்சுக்கும் ரிலேக்கும் இருக்கற தொடர்ப அறுத்துடலாம், ரிலே எப்பவும் ஆன்லயே இருக்கும், பல்புக்கு கரண்ட் போயிட்டே இருக்கும், சுவிட்சை அமுக்கினா வெறும் தகவல் மட்டும் வைஃபைல போகும். அந்த தகவலை ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல ஓடற ஹோம் அசிஸ்டன்ட்ங்கற சாஃப்ட்வேர் வாங்கி பல்புக்கு சொல்லுது. எல்லாம் வீட்டுக்குள்ளயே முடியறதால இன்டர்நெட் போனாலும் வேலை செய்யுது, அமுக்கின உடனே எரியுது.

சாதா சுவிட்சை எடுத்துட்டு அதே இடத்துல பெல் சுவிட்ச் போட்டுக்கங்க, இது முக்கியம். சாதா சுவிட்ச்னா மேல இருந்தா ஆஃபா கீழ இருந்தா ஆஃபான்னு குழப்பம் வரும், பெல் சுவிட்ச்னா அமுக்கி விட்டா போதும். எங்க வீட்டுல ஒரு தடவ அமுக்கினா அணைஞ்ச லைட் எரியும், எரியற லைட் அணையும், ரெண்டு தடவ அமுக்கினா முழு வெள்ளை வெளிச்சம். ராத்திரி 11ல இருந்து காலைல 5 வரைக்கும் ஒரு தடவ அமுக்கினா அந்த மங்கல் மஞ்சள்தான் வரும். அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது "ஒரு தடவ அமுக்குங்கப்பா" அவ்ளோதான். இப்ப சுவத்த தடவறதில்ல.

வாங்கறதுக்கு முன்னாடி போர்டை கழட்டி நியூட்ரல் ஒயர் இருக்கான்னு பாருங்க, இதுக்கு நியூட்ரல் கண்டிப்பா வேணும். நம்ம ஊர் போர்டுல ப்ளக் பாயின்ட் சேந்து இருந்தா பெரும்பாலும் இருக்கும், மாடிப்படி பக்கத்துல வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கற போர்டுல இருக்காது. வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல இருக்கணும். கரண்ட் போயிட்டு வந்தா ரிலே ஆன்ல வரணும்னு செட்டிங்ஸ்ல மாத்திடுங்க, இல்லன்னா பல்புக்கு கரண்டே போகாது. அதே மாதிரி பல்ப் ஆப்லயும் கரண்ட் வந்தா பழைய நிலைக்கே வான்னு வச்சிடுங்க, நான் மறந்துட்டதால ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்ததும் எல்லா பல்பும் முழு வெளிச்சத்துல எரிஞ்சு அப்பா பதறி எந்திரிச்சிட்டாரு.

குறைன்னா ரவுட்டரோ ராஸ்பெர்ரி பையோ படுத்துடுச்சுன்னா சுவிட்சும் வேலை செய்யாது. ரெண்டையும் இன்வெர்ட்டர்ல போட்டிருக்கேன், பாத்ரூம் லைட்டை மட்டும் சாதா சுவிட்ச்லயே விட்டுட்டேன், அங்க ரிஸ்க் எடுக்க மனசு வரல. கிச்சன், ஹால்ல கலரும் மங்கலும் தேவையே இல்ல, அங்க 100 ரூபா எல்இடி பல்பும், சுவிட்சே நேரா ரிலேயை இயக்கற சாதா மோடுல இதே ஷெல்லியும் போதும், வைஃபை இல்லன்னாலும் சுவிட்ச் எரிய வைக்கும். வீடு முழுக்க 600, 700 ரூபா பல்பா வாங்கி மாட்டாதீங்க.

ஒயரிங் எலக்ட்ரீஷியனை வச்சே பண்ணுங்க. டிட்டாச்ட் மோடுல லைட் அணைஞ்சிருந்தாலும் ஹோல்டர்ல 230 வோல்ட் இருந்துட்டே இருக்கும், சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன்னு நம்பி யாரும் பல்பை கழட்ட கூடாது. நான் சுவிட்ச் போர்டு மேலயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "பல்ப் மாத்தறதுக்கு முன்னாடி எம்சிபி ஆஃப் பண்ணவும்"னு எழுதி வச்சிருக்கேன், மெயின் போர்டுல அந்த லைட்டுக்கு கரண்டை நிறுத்தற எம்சிபி (டிரிப் சுவிட்ச்) எதுன்னும் அம்மாகிட்ட காட்டி வச்சிருக்கேன்.