ஏஆர்-15 துப்பாக்கிக்கு லோயர் வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னால் மேகசினைப் போட்டுப் பாருங்கள்

டெக்சஸில் என்னோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வரும் நண்பர்கள் இரண்டு பேர், "ஏஆர்-15 ரைஃபிள் ஒன்றை நாமே பாகம் வாங்கிக் கோத்தால் மலிவா முடியுமா?" என்று கேட்டார்கள். எனக்கு மலிவாக முடியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இணையக் கடை ஒன்றில் 'பிளெம்' லோயர் ரிசீவர் (ட்ரிகரும், குண்டுகள் அடுக்கும் பெட்டியான மேகசினும் பொருந்தும் கீழ்ப்பகுதி) 45 டாலருக்குக் கிடைத்தது. பிளெம் என்றால் மேல்பூச்சில் கீறல் இருக்கும், நிறம் மங்கியிருக்கும். அளவில் குறை இருக்கக் கூடாது. போனில் கேட்டபோது கடைக்காரரும் அதையேதான் சொன்னார். கூடவே ட்ரிகர், பின் (அதைப் பிடித்து நிறுத்தும் ஆணி), ஸ்ப்ரிங் எல்லாம் அடங்கிய பார்ட்ஸ் கிட் ஒன்றையும் 'மில்-ஸ்பெக்', அதாவது ராணுவ அளவுப்படி செய்தது, என்று சொல்லித் தலையில் கட்டினார்.

லோயர் நேராக வீட்டுக்கு வராது. ஏஆர்-15 விஷயத்தில், வரிசை எண் பொறித்த அந்த அலுமினியத் துண்டைத்தான் அமெரிக்கச் சட்டம் துப்பாக்கி என்கிறது. பேரலும் (குழல்) ஸ்டாக்கும் (தோளில் வைக்கும் கட்டை) வெறும் உதிரி பாகங்கள். அதனால் உரிமம் உள்ள உள்ளூர் டீலரிடம் வரும். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவமான 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கையில் தருவார்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிக் குற்றம். வெறும் லோயராக இருந்தாலும் அதே சட்டம்தான்.

நான் பெட்டியைத் திறந்து வரிசை எண்ணை மட்டும் சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்து வந்தேன். கோட்டை விட்டது அங்கேதான்.

வீட்டில் மேகசினைப் பிடித்து நிறுத்தும் கேட்ச்சைப் பொருத்தியதும் காலி மேகசினைச் செருகினேன். பாதியில் நின்றது. அமுக்கினால் மாட்டிக்கொண்டது, ஆனால் பட்டனை அழுத்தினால் விழவில்லை. பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சாதாரணமாக மேகசின் தன் எடையிலேயே நழுவி விழும். மேகசின்தான் கோணலோ என்று 30 ரவுண்டு அலுமினிய மேகசின் இரண்டு, பிளாஸ்டிக் ஒன்று என மாற்றிப் பார்த்தேன். எதுவும் சரியாக இறங்கவில்லை. நண்பருடைய ரைஃபிளில் மூன்றுமே சுலபமாகப் போய்வந்தன.

கிட் அதைவிட மோசம். சின்ன ஸ்ப்ரிங் ஒன்று பையிலேயே இல்லை. அது போகட்டும், கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் பொருத்திய பிறகு, சேஃப்டியை 'சேஃப்'பில் வைத்து ட்ரிகரை அழுத்தினேன். கிட்டத்தட்ட அசையக் கூடாது. அது நன்றாகவே நகர்ந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இதைக் கவனிக்காமல் ரேஞ்சுக்குக் கொண்டுபோயிருந்தால் பக்கத்தில் நிற்கிறவர் கதி என்ன?

துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்தார். மேகசின் போகும் குழி ஒரு பக்கம் குறுகல். ட்ரிகர் பின்னுக்கான துளை 0.154 அங்குலத்தைத் தாண்டியிருந்ததால் பின் ஆடியது. "இது பிளெம் இல்லை, கழித்துப்போட்டிருக்க வேண்டியது. அரத்தால் ராவிச் சரி செய்யலாம் என்று இறங்கிவிடாதே, இதில் குண்டும் போடாதே" என்றார்.

கடைக்கு எழுதினேன். டீலரிடமிருந்து கைமாறிவிட்டதால் அது அவர்கள் கணக்கில் பழைய பொருளாம். திரும்ப எடுக்க மாட்டார்களாம். கிட்டைப் பிரித்துவிட்டேன், அதற்கும் பணம் கிடையாதாம். பிளெம் என்று அவர் சொன்ன வார்த்தையை நினைவுபடுத்தி எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதிலே இல்லை. சரி, தயாரிப்பாளருக்கே அனுப்பலாம் என்றால், பெரிய கூரியர்கள் தனிநபரிடம் துப்பாக்கியை வாங்குவதில்லை. டீலர் வழியாக அனுப்பினேன், அதற்கு 40 டாலர் தனி.

நீங்கள் போகும்போது நன்றாக வேலை செய்யும் காலி மேகசின் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். டீலரிடம் சொல்லிவிட்டு அவர் மேசையிலேயே செருகிப் பாருங்கள், ட்ரிகர் பின்னுக்கான துளைகளையும் பாருங்கள். உரசினால், இறுகினால், கையெழுத்துப் போடாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நிமிடம் வரை அது உங்கள் கைக்கு மாறியிருக்காது. திருப்பி அனுப்ப டீலரால் முடியும்.